லண்டன் கேட்வே: நகரம் தள்ளிவைத்த கரையில் ஒரு துறைமுகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எளிதில் தீப்பற்றும் பெட்ரோலியத்தை ஏற்றிக்கொண்டு தேம்ஸ் நதிக்குள் நுழைந்த கப்பல்கள் லண்டன் நகரம்வரை போக முடியாது. நகருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், எசெக்ஸின் சதுப்புக் கரையில் இருந்த தேம்ஸ் ஹேவனோடு அவை நின்றுவிட வேண்டும் என்பது நதி நிர்வாகத்தின் விதி. சரக்கை அங்கே இறக்கி, சிறு அளவுகளாகப் பிரித்து மேலே அனுப்பினார்கள். லண்டனுக்கு எண்ணெய் வேண்டும். ஆனால் எண்ணெய்க் கப்பல் தீப்பிடித்தால் அது நகரத்துக்கு நடுவில் எரியக் கூடாது.

இன்று அதே கரையில்தான் 400 மீட்டர் நீளமுள்ள கண்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்கின்றன. லண்டன் கேட்வே என்ற அந்த ஆழ்நீர்த் துறைமுகம் 2013 நவம்பரில் இயங்கத் தொடங்கியது. அதைப் பற்றி வரும் செய்திகளில் தானியங்கிக் கிரேன்களும் முதலீட்டுத் தொகைகளும் நிறைய இடம்பிடிக்கின்றன. நிலத்தின் முன்கதையோ, ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை முன்பு அங்கே இருந்தது என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரி போதாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நிலமும் ஆழமும் இந்தத் துறைமுகத்துக்குக் கிடைத்த சொத்துகள்தான். ஆனால் அவற்றைவிட அரிய சொத்து, நகரத்துக்கும் இந்தக் கரைக்கும் இடையே பல தலைமுறைகளாகக் காப்பாற்றப்பட்டு வந்த இடைவெளி. ஆபத்தானவற்றையும் வேண்டாதவற்றையும் கொண்டுவந்து வைப்பதற்காக ஒதுக்கப்பட்ட இடம் என்பதால்தான் 21ஆம் நூற்றாண்டிலும் ஒரு பெருந்துறைமுகத்துக்குப் போதுமான இடம் அங்கே மிச்சமிருந்தது.

கரையின் இயல்பும் அதற்கு ஒத்துழைத்தது. கழிமுகத்தை நோக்கி நதி விரியும் அந்தப் பகுதியில் ஆழமான கால்வாய் வடகரையை ஒட்டியே ஓடுகிறது. கரையோ தாழ்ந்த சதுப்பு; கடல்நீர் ஏறாமல் மண்சுவர் எழுப்பி, மேய்ச்சலுக்கு விட்டிருந்த நிலம். குடியிருப்பவர்கள் மிகக் குறைவு. ஆழமான நீரும் ஆளில்லாத நிலமும் ஒரே இடத்தில் அமைந்துவிட்டால், தொழில் தேடி வருவதற்கு வேறு அழைப்பு வேண்டியதில்லை.

முதலில் வந்த தொழில் உப்பு. துறைமுகப் பணிக்கு முன்னோடியாக 2009இல், அருகிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் வார்ஃப் என்ற இடத்தில் தொல்லியல் அகழாய்வு நடந்தது. இரும்புக் காலத்தில் தொடங்கி ரோமானியர் ஆட்சியின் கடைசிக் கட்டம்வரை அங்கே கடல்நீரைக் காய்ச்சி உப்பெடுத்திருக்கிறார்கள். உப்புநீரைச் சுண்டவைத்த சுடுமண் கலங்களின் உடைசல்கள், தீயில் வெந்து சிவந்த மண் மேடுகள், விறகுக்குப் பதிலாகச் சதுப்புச் செடிகளையே எரித்த சாம்பல் எல்லாம் கிடைத்தன. இப்படிச் சிவந்த மண் மேடுகள் எசெக்ஸ் கடற்கரை நெடுகிலும் உண்டு.

தேம்ஸ் ஹேவனுக்கு ரயில் பாதை அமைக்க 1836இலேயே ஒரு நிறுவனம் நாடாளுமன்ற அனுமதி பெற்றிருந்தது. பாதை கிடைத்தது என்னவோ 1855இல்தான். கோடையில் மார்கேட் கடற்கரைக்குப் போகும் லண்டன்வாசிகள் ரயிலில் வந்து இங்கே நீராவிக் கப்பல் ஏறினார்கள். ஐரோப்பாவிலிருந்து உயிருடன் வந்த கால்நடைகளும் இங்கேதான் இறங்கின. உல்லாசப் பயணமும் கால்நடை வணிகமும் நிலைக்கவில்லை; பாதை நிலைத்தது. அதன் வழித்தடத்தில்தான் இன்றும் லண்டன் கேட்வேயின் கண்டெய்னர் ரயில்கள் வந்து போகின்றன. புதுத் துறைமுகம் என்று சொல்லப்படும் இடத்தின் இருப்புப் பாதைக்கு 170 வயது ஆகிறது.

அடுத்து வந்தது வெடிமருந்து. இந்தக் கட்டத்தை வரலாற்றில் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1871இல் சஃபோக்கின் ஸ்டோமார்க்கெட்டில் ஒரு வெடிபஞ்சுத் தொழிற்சாலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். நான்கு ஆண்டுகளில் பிரிட்டன் வெடிபொருள் சட்டம் இயற்றியது. உரிமம் கட்டாயமானது; கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவிலும், தொழிற்சாலைக்கும் ஊருக்கும் நடுவிலும் தூரம் விட வேண்டியிருந்தது. அந்தத் தூரத்தை மலிவாகத் தரக்கூடிய நிலம் சதுப்பு. பர்மிங்காமைச் சேர்ந்த கைனக் நிறுவனம் இங்கே நிலம் வாங்கி, 1897இல் புகையில்லா வெடிமருந்தான கார்டைட், வெடிபஞ்சு, நைட்ரோகிளிசரின் தயாரிக்கத் தொடங்கியது. அதன் தலைவர் ஆர்தர் சேம்பர்லேன், அன்றைய காலனிகள் துறை அமைச்சர் ஜோசப் சேம்பர்லேனின் தம்பி. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர்க்காலத்தில் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த அரசு ஒப்பந்தங்கள் நாடாளுமன்றத்தில் பெரிய சர்ச்சையாயின.

தொழிலாளர்களுக்காக ஆலையை ஒட்டி ஒரு சிற்றூரை நிறுவனமே கட்டியது. பெயர் கைனக்டவுன். சில தெரு வீடுகள், ஒரு பள்ளி, ஒரு கடை. சுற்றுவட்டாரத்திலிருந்து வேலையாட்களைக் கொண்டுவர 1901இல் காரிங்காம் இலகு ரயில் என்று ஒரு குட்டிப் பாதையும் போட்டார்கள். முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோர், அவர்களில் ஏராளமான பெண்கள், இங்கே வேலை செய்தார்கள். போர் முடிந்ததும் தேவை முடிந்தது. 1919இல் ஆலை மூடப்பட்டது. நிலத்தையும் சிற்றூரையும் வேல்ஸைச் சேர்ந்த நிலக்கரி வணிகர்களான கோரி பிரதர்ஸ் வாங்கி, எண்ணெய்ச் சேமிப்பு நிலையமாக மாற்றினார்கள். ஊருக்குக் கோரிட்டன் என்று பெயர் மாறியது. பின்னாளில் எண்ணெய் ஆலை விரிவடைந்தபோது, 1970களின் தொடக்கத்தில் அந்த வீடுகளும் இடிக்கப்பட்டன. ஒரு நிறுவனம் கட்டிய ஊர். இன்னொரு நிறுவனம் பெயரிட்ட ஊர். மூன்றாவது நிறுவனம் அழித்த ஊர். அங்கே பிறந்தவர்களுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு தெருகூட இல்லை என்பது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் உறுத்தும் செய்தி.

எண்ணெயின் காலம் நீண்டது. முதல் உலகப் போர் ஆண்டுகளில் ஷெல் இங்கே கால் பதித்தது. இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மானிய விமானங்கள் தேம்ஸ் ஹேவன் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டுவீசிக் கொளுத்தின. செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன்மீது பெருந்தாக்குதல் தொடங்கியபோது, நதியோரத்தில் எரிந்த அந்த நெருப்பே விமானிகளுக்கு வழிகாட்டியது. ஆபத்தை நகரத்திலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளிவைத்திருந்தார்கள். வானத்திலிருந்து வந்த எதிரிக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை.

போருக்குப் பிறகு, கச்சா எண்ணெயை எடுக்கும் இடத்திலேயே சுத்திகரிப்பதை விட்டுவிட்டு, விற்கும் நாட்டில் சுத்திகரிக்கும் முறைக்கு நிறுவனங்கள் மாறின. 1950 வாக்கில் ஷெல்லின் இடமான ஷெல் ஹேவன் முழு அளவிலான சுத்திகரிப்பு ஆலையாக விரிந்தது. பின்னாளில் மோபில் என்று அறியப்பட்ட நிறுவனம், 1953இல் பக்கத்துக் கோரிட்டனில் தன் ஆலையைத் திறந்தது. அதே ஆண்டு தொடக்கத்தில் வடகடல் பொங்கி, பக்கத்துக் கான்வே தீவில் 58 பேர் இறந்திருந்தார்கள். ஆலை வளாகங்களுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. சதுப்பு நிலம் மலிவாகக் கிடைப்பதற்கான காரணம் அந்த இரவில் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

1970களுக்குள் இந்தக் கரையில் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகள், திரவ எரிவாயு முனையம், அம்மோனியா, பல நிறுவனங்களின் எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் நெருங்கி நின்றன. கான்வே தீவில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கே மேலும் புதிய ஆலைகளுக்கு அனுமதி கேட்டபோது மக்கள் எதிர்த்தார்கள். 1974இல் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்து 28 பேர் இறந்திருந்ததால், அந்த எதிர்ப்பை அரசு ஒதுக்கித் தள்ள முடியவில்லை. பிரிட்டனின் சுகாதார, பாதுகாப்பு நிர்வாகம் ஆய்வில் இறங்கி, 1978இல் கான்வே அறிக்கையை வெளியிட்டது.

ஆலைப் பாதுகாப்புத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த அறிக்கையின் அருமை தெரியும். அதுவரை ஒவ்வோர் ஆலையையும் தனித்தனியே பார்த்து, விதிப்படி இருக்கிறதா என்று மட்டுமே கேட்டார்கள். இந்த அறிக்கை கேள்வியையே மாற்றியது. இத்தனை ஆலைகளும் சேர்ந்து, குறிப்பிட்ட ஒரு தெருவில் குடியிருக்கும் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு உயிராபத்தைக் கூட்டுகின்றன? ஓர் ஆலையில் பற்றும் தீ பக்கத்து ஆலைக்குத் தாவினால் என்ன ஆகும்? ஒரு தொழிற்பகுதி முழுவதற்கும் இப்படி எண்களில் ஆபத்தைக் கணித்த முன்னோடி முயற்சி அதுதான். இன்று உலகெங்கும் ஆலைகளுக்கு அனுமதி தருமுன் செய்யப்படும் ஆபத்து மதிப்பீடுகளுக்கு அது ஒரு மூத்த முன்மாதிரி. கரையோர மக்களின் அச்சத்திலிருந்து பிறந்த அறிவு அது. துறைமுகத்தின் புகழ்பாடும் கையேடுகளில் அவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கலாம்.

(கான்வேயில் பாதி கட்டிக் கைவிடப்பட்ட ஓர் எண்ணெய் ஆலை நிலம், ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்ததில் அரிய பூச்சிகளின் புகலிடமாகி, 2005இல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. பழைய தொழில் நிலம் என்றால் பாழ்நிலம் என்று எண்ணுவோர் அவசியம் அறிய வேண்டிய இடம்.)

லண்டனின் குப்பையும் இந்தப் பக்கம்தான் வந்தது. பல பத்தாண்டுகளாகப் படகுகளில் ஏற்றி வந்து மக்கிங் சதுப்பில் கொட்டினார்கள். இப்போது அந்த மேட்டின்மேல் இயற்கைப் பூங்கா இருக்கிறது.

இனி கண்டெய்னருக்கு வருவோம். 1956இல் அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சரக்கு இறக்கிய துறைமுகங்களுக்கு அன்றே கெடு வைக்கப்பட்டுவிட்டது. லண்டன் நகருக்குள் இருந்த பழைய கப்பல் துறைகளுக்கு மூன்று குறைகள்: நீர் ஆழம் போதாது, பெரிய கப்பல் நுழைய மதகுகள் போதாது, பெட்டிகளை அடுக்கிவைக்க இடம் போதாது. 1967இல் கிழக்கிந்தியத் துறை மூடப்பட்டதில் தொடங்கி 1981இல் ராயல் துறைகள்வரை எல்லாம் ஒவ்வொன்றாக அடங்கின. நதியின் கீழே டில்பரி கண்டெய்னர் தளங்களுடன் தப்பித்தது. ஆனால் பெருவணிகம் சஃபோக் கடற்கரையின் ஃபீலிக்ஸ்டோவுக்குப் போய்விட்டது. 1947இல் வந்த துறைமுகத் தொழிலாளர் திட்டம், வேலைக்கு ஆள் எடுப்பதில் பெரிய துறைமுகங்களைக் கட்டுப்படுத்தியது. ஃபீலிக்ஸ்டோ அந்தத் திட்டத்துக்கு வெளியே இருந்தது. அதன் வளர்ச்சிக்குக் கடலின் ஆழத்தோடு இதுவும் ஒரு காரணம்.

ஷெல் ஹேவன் ஆலை 1999இல் மூடப்பட்டது. பெருந்துறைமுகம் ஒன்றுக்கு நிலம் தேடிக்கொண்டிருந்த பி அண்ட் ஓ என்ற பிரிட்டிஷ் கப்பல், துறைமுக நிறுவனம், ஷெல்லுடன் சேர்ந்து திட்டம் முன்வைத்தது. 2003இல் பொது விசாரணை, 2007இல்தான் அனுமதி. இடையில் 2006இல் துபாயின் துறைமுக நிறுவனமான டிபி வேர்ல்டு, பி அண்ட் ஓவையே சுமார் 390 கோடி பவுண்டுக்கு வாங்கிவிட்டது. எசெக்ஸ் சதுப்பு அப்படித்தான் ஒரு வளைகுடா நிறுவனத்தின் கைக்கு வந்தது. உலகப் பொருளாதார நெருக்கடி வந்தும் திட்டம் நிற்கவில்லை. 2010இல் பணி தொடங்கியது.

இங்கே ஆழம் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். துறைமுகத்தை ஒட்டி, கப்பல்கள் அணைந்து நிற்கும் தளத்தில் நீர் ஆழம் 17 மீட்டர். ஆனால் கடலிலிருந்து வரும் கால்வாயைக் கடல் வற்றிய நிலையில் சுமார் 14.5 மீட்டர் ஆழத்துக்குத்தான் வெட்டியிருக்கிறார்கள். முழுச் சுமை ஏற்றிய மிகப் பெரிய கப்பலின் மிதவை ஆழம் 16 மீட்டரைத் தொடும். அப்படியானால் கப்பல் எப்படி உள்ளே வரும்? ஓதத்தின்மீது ஏறி வரும். தேம்ஸ் கழிமுகத்தில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நீர்மட்டம் ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. கப்பலின் வருகையை ஏற்றத்தோடு பொருத்திவிட்டால் கால்வாயில் அந்த ஆழம் போதும். ஆனால் தளத்தில் கட்டி நிறுத்திய கப்பல் பல மணி நேரம் நிற்கும். அதற்குள் கடல் வற்றும். அப்போது கப்பலின் அடி தரையில் தட்டாமல் இருக்கத்தான் தளத்தில் மட்டும் கூடுதல் ஆழம். நூறு கிலோமீட்டர் அளவுக்கு நீளும் வழித்தடத்தை முழுவதும் 17 மீட்டருக்கு வெட்டியிருந்தால் செலவும் சேதமும் எங்கேயோ போயிருக்கும்.

அப்படிச் சிக்கனம் பார்த்தும் தூர்வாரிய அளவு ஏறத்தாழ 3 கோடி கன மீட்டர். எடுத்த மணலில் பெரும்பகுதியை வீணாக்காமல் நதிக்குள்ளேயே கொட்டிப் புது நிலம் எழுப்பினார்கள். கப்பல்கள் இன்று அணையும் சுவர், பழைய கரையிலிருந்து தள்ளி, நதி இருந்த இடத்தில் நிற்கிறது.

நதியடியைக் கிளறினால் வரலாறு மேலே வரும். 1665 மார்ச்சில் வெடிமருந்து வெடித்து, முந்நூறு பேரைப் பலிகொண்டு மூழ்கிய ‘லண்டன்’ என்ற போர்க்கப்பல் கழிமுகத்து ஊரான சவுத்எண்டுக்கு எதிரே கிடக்கிறது. இந்தத் திட்டத்துக்கான ஆய்வுகளை ஒட்டி 2005இல் அதன் சிதைவு கண்டறியப்பட்டு, 2008இல் சட்டப் பாதுகாப்பின்கீழ் வந்தது. கரையிலும் அதே கவனம் தேவைப்பட்டது. ஆலை மூடிக் கிடந்த ஆண்டுகளில் நீர் எலிகளும், கொண்டையுள்ள நீர்ப்பல்லிகளும், விரியன் பாம்புகளும் வளாகத்தில் குடியேறியிருந்தன. மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரினங்களைப் பிடித்து வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். துறைமுகத்தால் பறிபோன சேற்றுப்படுகைக்கு ஈடாக ஸ்டான்ஃபோர்ட் வார்ஃபில் கடற்சுவரை உடைத்து, கடலை மறுபடி உள்ளே விட்டார்கள். ரோமானியர் உப்புக் காய்ச்சிய நிலத்தில் மீண்டும் ஓதம் ஏறியது. எண்ணெய் ஊறிய மண்ணைச் சுத்தம் செய்தது இவற்றைவிடக் கடினமான, யாரும் படம் பிடிக்காத வேலை.

2013 மார்ச்சில் ஷாங்காயிலிருந்து முதல் கிரேன்கள் கப்பலில் நின்றபடியே வந்து சேர்ந்தன. கையை உயர்த்தினால் 138 மீட்டர் உயரம். அந்த ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி ‘எம்ஓஎல் கேலடன்’ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பழங்களும் ஒயினும் கொண்டு வந்தது. எண்ணெய்க்கும் வெடிமருந்துக்கும் பேர்போன கரை அன்று இறக்கிய சரக்கு அது.

துறைமுகத்தின் வணிகக் கணக்கு எளிமையானது. ஃபீலிக்ஸ்டோவிலும் சவுதாம்ப்டனிலும் இறங்கும் பெட்டிகள் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பெருங்கிடங்குகளுக்குப் போய், அங்கே பிரிக்கப்பட்டு, மறுபடி லண்டன் கடைகளுக்கே திரும்பி வருகின்றன. கிடங்கைத் துறைமுகத்தின் வாசலிலேயே வைத்துவிட்டால் அந்த நெடும்பயணம் மிச்சம். இதற்காகவே துறைமுகத்தை ஒட்டி ஒரு பெரிய கிடங்குப் பூங்காவையும் திட்டத்தில் சேர்த்தார்கள். அதற்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஏக்கர் ஒரே துண்டாக, லண்டனுக்கு இவ்வளவு அருகில் எப்படிக் கிடைத்தது? தொட்டிகளும் குழாய்களும் பரந்து கிடந்த, வீடு கட்ட யாரும் துணியாத நிலம் என்பதால்தான்.

ஆனாலும் கப்பல் நிறுவனங்கள் உடனே வந்துவிடவில்லை. ஒரு துறைமுகத்தில் வேரூன்றிய சேவையைப் பெயர்ப்பது அவ்வளவு எளிதன்று. முதல் சில ஆண்டுகள் தளங்கள் பெரும்பாலும் காலியாகவே தெரிந்தன. விமர்சகர்கள் சும்மா இருக்கவில்லை. 2017இல் ஆசிய வழித்தடங்களில் சில சவுதாம்ப்டனிலிருந்து இங்கே மாறின. மெர்ஸ்க், ஹபாக்-லாய்டு என்ற பெரிய கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஜெமினி கூட்டணி 2025 பிப்ரவரியில் ஃபீலிக்ஸ்டோவை விட்டு லண்டன் கேட்வேயைத் தேர்ந்துகொண்டபோது போட்டியின் போக்கே மாறியது. மேலும் இரண்டு கப்பல் தளங்களும் இன்னொரு ரயில் முனையமும் கட்ட நிறுவனம் 100 கோடி பவுண்டு ஒதுக்கியிருக்கிறது. அந்த அறிவிப்பும் சிக்கலில்லாமல் வரவில்லை. டிபி வேர்ல்டுக்குச் சொந்தமான பயணிகள் கப்பல் நிறுவனம் பி அண்ட் ஓ ஃபெரீஸ், 2022 மார்ச்சில் சுமார் 800 கப்பல் பணியாளர்களை ஒரே நாளில் நீக்கியது. அதை முன்வைத்து 2024 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் லூயிஸ் ஹெய்க் கடுமையாகப் பேச, முதலீட்டு அறிவிப்பு ஊசலாடியது. அமைச்சரின் கருத்திலிருந்து அரசு விலகி நின்ற பிறகே விவகாரம் அடங்கியது.

வேலைக் கணக்கில்தான் எனக்குத் திருப்தி இல்லை. பக்கத்துக் கோரிட்டன் ஆலை கைமாறிக் கைமாறி, கடைசியில் பெட்ரோபிளஸ் என்ற சுவிஸ் நிறுவனம் 2012 ஜனவரியில் நொடித்துப்போனதோடு மூடும் நிலைக்கு வந்தது. லண்டன், தென்கிழக்கு இங்கிலாந்து ஆகியவற்றின் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்த ஆலை அது. ஒப்பந்தக்காரர்களையும் சேர்த்துச் சுமார் 850 பேர் வேலையிழந்தார்கள். சுவருக்கு அடுத்த பக்கம் துறைமுகம் எழுந்துகொண்டிருந்த நேரம். ஆனால் அங்கே பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும் ஆளில்லாத கிரேன்கள். லாரி ஓட்டுநர் முன்பதிவு செய்த நேரத்தில் வந்து, பெட்டியைப் பெற்றுக்கொண்டு போய்விடுகிறார். வடிகட்டும் கோபுரத்தின் வெப்பத்தை அனுபவத்தால் அறிந்த ஆலைத் தொழிலாளியின் திறமைக்கு அங்கே வேலை இல்லை. கிடங்குகளில் ஆள் தேவை உண்டு. ஆலைச் சம்பளம் கிடங்கில் கிடைக்காது. தொழிற்சங்க அங்கீகாரத்துக்காக யுனைட் சங்கம் துறைமுகத் திறப்பு நாட்களிலேயே போராட்டத்தைத் தொடங்கியதற்கு இதுவே பின்புலம்.

புதிய தளங்களால் சில நூறு நிரந்தர வேலைகள் வரும் என்கிறார்கள். அவற்றில் எத்தனை பக்கத்து ஊர்களான காரிங்காமுக்கும் ஸ்டான்ஃபோர்ட்-லெ-ஹோப்புக்கும் போகின்றன, என்ன சம்பளத்தில் போகின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லி இந்தப் பகுதியின் துர்ராக் உள்ளாட்சி கேட்க வேண்டும். ஆபத்தின் கணக்கை 1978இல் தெருவாரியாகக் கேட்டு வாங்கிய வட்டாரம் அது. பயனின் கணக்கையும் அப்படியே கேட்கும் உரிமை அதற்கு உண்டு.